மூடாத ஃபைல்

கோட்டைப்பட்டினம் மீன் கம்பெனியின் கம்ப்யூட்டரில், பழைய வேலையாட்களின் பெயர்கள் இருந்த ஃபைல் என்ன செய்தும் அழியவில்லை. புதுக்கோட்டையிலிருந்து சாஃப்ட்வேர்காரன் அரவிந்த்குமார், கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கும் ஹுமாவிடம் போனில் எரிந்து விழுந்தான்.

“ஹுமாக்கா, இங்கிட்டு எங்க லினக்ஸ்ல ஃபைல் திறந்திருந்தாலும் அழிஞ்சிரும். ஒங்க விண்டோஸ் அப்படியில்ல. யாராச்சும் திறந்து வச்சிருந்தா அழிக்க விடாது. மொதல்ல மூடுங்க!”

“மூடிட்டேன் தம்பி.”

அப்போதும் அழியவில்லை. பஸ் ஏறி நேரிலேயே வந்தான். அவள் கம்ப்யூட்டரில் ஃபைல் திறந்தே கிடந்தது.

“மூடக்கூடவாக்கா தெரியல?”

திரையில் இருந்த ‘கலீல் ரஹ்மான்’ என்ற பெயரிலிருந்து ஹுமா கண்ணை எடுக்கவில்லை.

“திறந்திருந்தா அழியாதுன்னு நீங்கதான தம்பி சொன்னீங்க. போன வருசம் கடலுக்குப் போன எங்க வீட்டுக்காரர் திரும்பி வந்தா, கம்பெனில அவுக பேரு இருக்கணும்ல?”