பெயர் மாற்றப்பட்டுள்ளது

பள்ளிக் கண்காட்சியில் அந்த அம்மாள் என் காட்சிப் பலகைக்கு முன்னால் வந்து நின்று பத்து நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் நகரவில்லை.

மற்றவர்கள் படங்களைப் பார்த்தார்கள், தலைப்பை வாசித்தார்கள், நன்றாகச் செய்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போனார்கள். இவர் மட்டும் வலது மூலையில் இருந்த ஒற்றைத் தாளையே படித்தார். முடித்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார்.

அந்தத் தாளில் இருந்தது பொய்.

மேல்நிலை இரண்டாம் ஆண்டில் எங்கள் பள்ளியில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு வரலாற்று ஆய்வு செய்ய வேண்டும். எழுபதுகளில் எங்கள் இன்சியோன் நகரத்துப் பஞ்சாலைகளில் வேலை பார்த்த பெண்களைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். எங்கள் ஆசிரியர் மா சார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அந்தக் காலத்தை வாழ்ந்தவர் ஒருவரிடமாவது நேரில் பேசியிருக்க வேண்டும்.

முதியோர் மன்றத்துக்கு ஒரு தடவை போனேன். ஆலையில் இருந்ததை என் மருமகளிடமே நான் சொன்னதில்லை, உன்னிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒருவர் எழுந்து போய்விட்டார். இரண்டாம் தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். பிறகு போகவே இல்லை.

பழைய செய்தித்தாள்களைப் படித்திருந்தேன். அதை வைத்து நானே ஒரு பெண்ணை உண்டாக்கினேன். கீழே 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று போட்டேன். உண்மை போலத் தெரியட்டும் என்று கையால் எழுதினேன்.

நான் உண்டாக்கிய பெண்ணுக்கு ஆலையில் இரவு வேலை. அவளுடைய அறைத்தோழிக்குப் பகல் வேலை. இருவருக்கும் சேர்த்து ஒரே கோட்டு. வேலை மாறும் நேரத்தில் ஆலை வாசலில் ஒருத்தி கழற்றி மற்றவளிடம் கொடுப்பாள். ஒருநாள் விடியற்காலையில் தோழி வரவில்லை. கோட்டோடு ஊரைவிட்டே போய்விட்டாள். பஞ்சு ஒட்டிய மெல்லிய சட்டையோடு நான் எழுதிய பெண் பனியில் நடந்து அறைக்குப் போனாள். கடைசியில் இப்படிச் சொன்னாள்: 'எனக்கு அவள்மேல் கோபமில்லை. அவளுக்குக் குளிராமல் இருந்தால் சரி.'

ஆய்விலேயே சிறந்த பகுதி இதுதான் என்று மா சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார். மாநகரப் போட்டிக்கு என்னுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கழுத்தில் பியோ கில்யே என்று பெயர் எழுதிய பார்வையாளர் அட்டை.

"இதைச் சொன்னவங்க நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்கம்மா."

என் வாய் யோசிக்காமல் சொல்லிவிட்டது.

அவர் தலையசைத்தார். சுற்றிலும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தக் கோட்டை எடுத்துட்டுப் போனவ நான்தான்" என்றார்.

பிறகு மெதுவாகக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

நான் அந்தத் தாளைப் பலகையிலிருந்து உரித்துக்கொண்டு நேராக ஆசிரியர் அறைக்கு, மா சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணெதிரே அதைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். அவர் திட்டவில்லை. போட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு, இதை உண்மை என்று நம்பிப் படித்துவிட்டுப் போனவர்களை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்.

வாசலுக்கு ஓடினேன்.

அவர் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் போய் இடுப்பு வரை குனிந்தேன். நிமிர முடியவில்லை. குனிந்தபடியே, தரையைப் பார்த்துச் சொன்னேன். அப்படி யாரையும் நான் சந்திக்கவில்லை, ஒவ்வொரு வரியும் நானே எழுதியது, நல்லா இருக்காங்க என்று சொன்னதும் பொய்.

"தெரியும்மா" என்றார்.

நிமிர்ந்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கோட்டை எடுத்துட்டுப் போன அதே மாசம் என் அறைத்தோழி பொக்நிமுக்கு சளி நெஞ்சுல கட்டிக்கிச்சு. புத்தாண்டு வரைக்கும்கூட உயிரோட இருக்கல. ஊர்லேர்ந்து அவ அண்ணன் வந்து தூக்கிட்டுப் போனாராம். அப்புறம் உன்கிட்ட யாரு வந்து சொல்லியிருப்பா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்லா இருக்காங்கன்னு நீ சொன்னப்ப மட்டும் ஒரு நிமிஷம் நம்பிட்டேன்."

பேருந்து வந்தது. அவர் எழுந்தார். படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பி, அந்தத் தாளைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கடைசி வரியை வைத்துக்கொள்ள வேண்டும், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அது ஆசிரியர் அறைக் குப்பைக் கூடையில் கிடந்தது.

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் உட்கார்ந்தேன். முதல் தடவை அந்தத் தாளை, சிற்றுண்டிக் கடையில் நூடுல்ஸ் வருவதற்குள் எழுதி முடித்திருந்தேன். ஆலை, வாசல், பனி எல்லாம் வார்த்தை மாறாமல் மறுபடி வந்தன.

அம்மா மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டாள். கடைசி வரியில் 'எனக்கு அவள்மேல்' என்பது வரைக்கும்தான் எழுதியிருந்தேன்.