எட்டாவது கட்டம்

கார்த்திகைத் திங்கள் பிறந்தும் கார் விலகவில்லை. நான்கு நாட்களாகக் கதிரவனைக் காணாத வானம், நோன்பிருக்கும் முகம்போல் வாடி, பேசாது கவிந்திருந்தது. முகப்பேர்க் குடியிருப்பின் மாடிப்படிகளில் ஈரம் ஏறிக்கொண்டே இருந்தது. துவைத்த துணி எந்த வீட்டிலும் உலரவில்லை.

"இன்னாடி, மறுபடியும் அழிச்சிட்டியா அந்தம்மாவ?"

மைதிலி சிரித்தபடி கேட்டாள். மடிக்கணினியின் திரையிலிருந்த அட்டவணையில் 'சாமுண்டீஸ்வரி' என்று தொடங்கிய வரி சட்டென மறைந்து, மறுகணமே திரும்பி வந்தது.

"சோதிச்சுப் பார்த்தேன்க்கா" என்றாள் கார்த்திகா.

தரவுத்தளங்களைக் கையாள உதவும் அந்தத் திறமூல மென்பொருளை எவரும் திருத்தலாம். ஆனால், ஒருவர் செய்த திருத்தத்தை மற்றொருவர் சரிபார்த்து ஏற்றால்தான் அது உள்ளே சேரும். தவறிப்போய் அழித்த வரியை மீட்டுத் தரும் பொத்தான் ஒன்றைக் கார்த்திகா எழுதியிருந்தாள், சரிபார்ப்பவள் மைதிலி. மூன்று மாதமாக எழுத்தில் மட்டுமே பேசிப் பழகியவர்கள். தான் குடியிருக்கும் சேக்காட்டில் மழையால் இணையம் அறுந்துபோகவே, மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பேருந்தேறி, இன்றுதான் முதன்முதலாக மைதிலியின் வீட்டுக்கு வந்திருந்தாள் கார்த்திகா.

மாலை ஆறு மணியோடு புதிய பதிப்பில் திருத்தங்கள் சேர்ப்பது முடிந்துவிடும். தவறினால் அடுத்த பதிப்புக்கு ஆறு மாதம். திங்கட்கிழமை நேர்காணலில் எடுத்துக்காட்டக் கார்த்திகாவிடம் இருந்ததோ இந்த ஒரு வேலைதான்.

மணி ஐந்தே முக்கால்.

"பதிவெல்லாம் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாப்பது தடவ அழிச்சுகினு கீற. எல்லாமே அதே வரி. யாருடி இந்த சாமுண்டீஸ்வரி?"

"எங்க மாமியார்."

மைதிலி கைகொட்டிச் சிரித்தாள். "அடிப்பாவி! எனக்கு இது தோணாமப் போச்சே! எங்க மாமியார் பேரையும் ஒரு வரி சேத்துக்கோடி, உனக்குப் புண்ணியமாப் போவும்."

கார்த்திகா முறுவலித்தாள்.

"ஏன், சோதனைக்கு வேற பேரே கெடைக்கலியா?"

"எங்க குடும்பத்துப் பேரெல்லாம்தான் போட்டிருக்கேன். மாமனார் கஜபதி, எங்க வீட்டுக்காரர், நான்…"

"அவங்களயெல்லாம் தொடலியே நீ! இப்டி நாப்பது தடவ காலி பண்றது அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"சரி, விஷயத்துக்கு வா. மத்தவங்க வரியெல்லாம் திரும்பி வந்தா ஒழுங்கா கீது. இவங்க வரில மட்டும் எட்டாவது கட்டம் காலியா வருதுன்னு பதிவு காட்டுது. எதோ காணாமப் போவுது."

"ஆமாக்கா. கட்டத்த எண்ணும்போது ஒண்ணு கொறைச்சு எண்ணுது. கடைசிக் கட்டம் விட்டுப்போயிடுது. மத்தவங்களுக்கு அந்தக் கட்டத்துல ஒண்ணும் எழுதல, அதனால தெரியல."

"தெரிஞ்சேவா உட்டு வெச்ச? ஒரே ஒரு குறிய மாத்தினா போதுமேடி!"

"ம்."

"எத்தினி நாளாத் தெரியும்?"

"மொத நாள்லேருந்தே."

மைதிலிக்குச் சிரிப்பு அடங்கி வியப்பு எழுந்தது. மூன்று மாதத்தில் இவள் ஒரு காற்புள்ளியைக்கூடத் தவறவிட்டதில்லை. திரையில் ஐந்து கட்டங்களே தெரிந்தன. மற்றவை வலப்புற விளிம்புக்கு அப்பால் இருந்தன.

"அப்டி இன்னாடி கீது அந்தக் கட்டத்துல? உன்ன எத்தினி தடவ திட்டினாங்கன்னா?"

"அவங்களுக்குத் திட்டவே வராதுக்கா."

"திட்டாத மாமியாரா! அவங்களப் போயா அழிச்சிகினு கீற?" மைதிலி கடிகாரத்தைப் பார்த்தாள். "இந்தா பாரு, பிழையோட நான் ஏத்துக்க மாட்டேன். நீ இன்னாதான் அக்கா அக்கான்னாலும் சரி. வேலை வேணுமா வேணாமா உனக்கு? தள்ளு, நானே மாத்திடறேன்."

"வேணாம்க்கா." கார்த்திகா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நானே பண்றேன். இன்னும் ஒரே ஒரு தடவை அழிச்சுப் பார்த்துக்கறேன்."

"ஆசை தீரலியாடி உனக்கு!"

கார்த்திகா அழித்தாள். வரி மறைந்தது. மீட்புப் பொத்தானை அழுத்தினாள். சாமுண்டீஸ்வரி திரும்பி வந்தார். வாசலில் வந்து நிற்பவரை வரவேற்பவள்போல் அந்த வரியைச் சிறிது நேரம் நோக்கியிருந்தாள். பிறகு நிரலைத் திறந்து ஒரு குறியை மாற்றினாள். அட்டவணையை முதலில் இருந்தபடியே மீண்டும் ஏற்றி, ஒருமுறை அழித்து மீட்டாள். சோதனைகள் அனைத்தும் பச்சை காட்டின.

மணி ஐந்து ஐம்பத்தாறு. மைதிலி தன் கணினியில் ஏற்புப் பொத்தானை அழுத்தினாள்.

"சேந்துடுச்சுடி! உன் பேரு உள்ள போயிடுச்சு! பிரியாணி எப்போ?"

கார்த்திகா எழுந்தாள். "அக்கா, உங்க சாமி அலமாரியில விளக்கு நான் ஏத்தலாமா?"

"ஏத்தேன், அதுக்கின்னா கேள்வி!"

அவள் உள்ளே சென்றதும், ஆவல் பொறுக்காத மைதிலி, அவள் மடிக்கணினியில் அட்டவணையை வலப்புறம் நகர்த்தினாள். எட்டாவது கட்டத்தின் தலைப்பு, 'இறைவனடி சேர்ந்த நாள்'. அதன்கீழ்ச் சாமுண்டீஸ்வரிக்கு நேரே மட்டும் ஆடி மாதத்து நாள் ஒன்று இருந்தது. இதுவரை அவர் திரும்பி வந்தபோதெல்லாம் உடன் வராத நாள்.

உள்ளே, ஏற்றிய சுடரின்முன் கார்த்திகா கண்மூடிக் கைகுவித்து நின்றாள். மைதிலி ஓசையின்றி அருகே சென்று, அவள் நெற்றியில் குங்குமம் இட்டாள்.

"தொட்டதெல்லாம் துலங்கட்டும், கண்ணு."