மூன்று சொட்டு

ஐந்து மாடி ஏறி வந்த ஹம்தியை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள் வீட்டுக்காரி. அவள் விரல் நுனியெல்லாம் கறுப்புக் கறை. சோறு அடைத்துச் சமைக்கும் மஹ்ஷிக்குக் கத்திரிக்காய் குடைந்துகொண்டிருந்திருப்பாள். சமையலறையைத் தாண்டாதவளிடம் தண்ணீர் வடிகட்டி விற்பது சுலபம் என்று ஹம்திக்கு ஒரே குஷி.

"அலெக்சாண்டிரியாக் குழாய்த் தண்ணி முழுக்கக் குளோரின் விஷம், ஹாஜ்ஜா! பாருங்க." குழாய்த் தண்ணீரில் தன் குப்பியிலிருந்து மூன்று சொட்டு விட்டான். தண்ணீர் பாலாக வெளுத்தது.

"யா ரப்பி! இதையா என் பிள்ளைங்க குடிக்குதுங்க?" அவள் கன்னத்தில் கை வைத்தாள். "நீங்க குடிச்சு மிச்சம் வச்ச கிளாஸ்லயும் விடுங்க தம்பி."

விட்டான். அதுவும் வெளுத்தது.

"பாத்தீங்களா! அதே விஷம்!"

"அது கீழ்வீட்டு உம்மு ஷாதி வீட்டுத் தண்ணி. போன வாரம் நீங்க மாட்டிவிட்ட வடிகட்டியில பிடிச்சது."

ஹம்திக்குக் குப்பென்று வேர்த்தது.

"அந்த வேர்வையில விட்டாலும் வெளுக்கும். இந்தச் சொட்டு காட்டுறது உப்புல இருக்கிற குளோரைடை. அது விஷமில்ல, தினம் சாப்பிடுறதுதான். வாசம் அடிக்கிற குளோரின் வேற. உங்க வடிகட்டிக்குள்ள இருக்கிற கரி அந்த வாசத்தைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது."

"ஹாஜ்ஜா... உங்களுக்கு எப்படி இதெல்லாம்?"

அவள் தன் விரல்களை அவன் விரல்களுக்குப் பக்கத்தில் நீட்டினாள். அவன் விரல் நுனியிலும் அதே கறுப்பு.

"வெள்ளி நைட்ரேட் கறை. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. இருபது வருஷமா பள்ளிக்கூடத்துல இந்தச் சொட்டைத்தான் விட்டுக் காட்டிட்டிருக்கேன்" என்றாள் ரசாயன டீச்சர். "கத்திரிக்காய்னு நெனச்சீங்களாக்கும்?"