கர்ச்சீப் கிடக்கும் நாற்காலி

பழங்காநத்தத்துத் துணிக்கடையின் மொட்டைமாடியில் பாட்டு அலறுகிறது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆறு பேர் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுற்றி ஓடுகிறார்கள். கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்கு சூப்பர்வைசர் வேலை. ஆளை எடைபோட இதைவிட நல்ல விளையாட்டு இல்லை என்று, பயிற்சி கொடுக்கச் சென்னையிலிருந்து வந்திருக்கும் சித்தார்த் முதலாளியிடம் அடித்துச் சொல்லியிருக்கிறான். பாட்டை நிறுத்துகிறான். காலியாக இருக்கும் ஒரே நாற்காலிக்குப் பாய்ந்து வரும் மருது, அதில் கிடக்கும் பூப்போட்ட கர்ச்சீப்பைப் பார்த்ததும் பிரேக் போட்டு நிற்கிறான். "உட்காருங்க மருது!" "எப்படி சார்? எடம் போட்டிருக்குல்ல." ஓடும்போதே கர்ச்சீப்பை வீசிவிட்டுப் போன முனீஸ்வரி, தினமும் மேலூர் பஸ்ஸில் வந்துபோகிறவள், ஆடி அசைந்து வந்து அதை உதறி எடுத்துவிட்டு அமர்கிறாள். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. அடுத்த பாட்டு தொடங்குவதற்குள் சாப்பாட்டுக்கூடை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு என்று எல்லா நாற்காலியும் நிரம்பிவிடுகிறது. பாட்டு பாட்டுக்கு ஓட, ஆறு பேரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று கதை பேசுகிறார்கள். கர்ச்சீப்பால் வேர்வையைத் துடைத்தபடி சித்தார்த் தன் நாற்காலிக்குத் திரும்புகிறான். அதில் ஒரு ஹெல்மெட் இருக்கிறது. எடுக்கக் கை நீட்டுகிறான். "ஆள் வருது சார்," என்கிறான் மருது. சித்தார்த் தன் கையிலிருக்கும் கர்ச்சீப்பைப் பார்க்கிறான். போடுவதற்கு ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை.