ஒட்டாத லேபிள்

கடைக்கு வெளியே இருந்த குப்பைக்கூடையில் என் இறால்கள் கிடந்தன.

படங்கள்தான். என் மகள் லிசா சிவப்பு மீசையோடு வரைந்து கொடுத்த லேபிள்கள். குனிந்து எண்ணினேன். பதினொன்று.

மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஹரியின் கடை அது. என் இறால் ஊறுகாயில் இருபத்து நான்கு பாட்டில் எடுத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் விற்றுத் தீர்ந்தால் அவருடைய ஃபிரிட்ஜில் ஒரு தட்டு நிரந்தரமாக எனக்கு. இல்லாவிட்டால் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

இன்று ஞாயிறு.

"லேபிள்தாம்மா பாதி யாவாரம். பத்தடி தள்ளி நிக்கிறவனைக் கையைப் புடிச்சி இழுக்கணும்" என்றும் சொல்லியிருந்தார். அதனால்தான் இறாலைப் பாட்டிலைச் சுற்றி வரும்படி பெரிதாகப் போட்டோம். அசைவக் குறி, தயாரித்த தேதி, முகவரி, எல்லாம் முறைப்படி.

ஒட்டியதில்தான் கோளாறு. ஸ்டிக்கர் தாள் வரத் தாமதமானதால் என் கணவர் டெரிக் மைதா காய்ச்சிப் பசை செய்தார். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒட்டும் அதே பசை. நட்சத்திரம் ஃபிரிட்ஜுக்குள் உட்கார்ந்து வியர்ப்பதில்லை. பாட்டில் வியர்க்கும். இது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பெயர் இல்லாத பாட்டிலை யார் வாங்குவார்கள்? தட்டு போயிற்று என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

ஃபிரிட்ஜில் மூன்றே மூன்று பாட்டில்கள் நின்றன. மூன்றிலும் லேபிள் இருந்தது.

வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் அதில் ஒன்றை எடுத்தார். பணம் கொடுத்தார். வாசலில் போய் நின்று, கட்டைவிரலால் லேபிளின் ஓரத்தை நெம்பினார். மீசை கசங்காமல் இறால் முழுசாகக் கழன்று வந்தது. அதைக் கூடையில் போட்டுவிட்டு, பாட்டிலைப் பைக்குள் கீரைக்கட்டுக்கு அடியில் சொருகினார்.

"விஜயராகவன் மாமா, இவங்கதான் ஐரின். ஊறுகாய் போடறவங்க" என்றார் ஹரி.

அவர் பையை மறுகைக்கு மாற்றினார். தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நன்னா இருக்கும்மா. ஆத்துல தக்காளித் தொக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன், அவ தக்காளியைத் தொட மாட்டா. பசையை மட்டும் மாத்திடாதீங்கோ. மத்தவா பாட்டிலெல்லாம் வெந்நீர்ல போட்டாலும் உரிய மாட்டேங்கறது."

"மாறாது சார்" என்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவள் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர் எதிர்ப்புறம் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்.

"வர்றவங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான்" என்று ஹரி ஆர்டர் புத்தகத்தைத் திறந்தார். அடுத்த வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்று எழுதினார். எழுதிய கையோடு, மேல்தட்டிலிருந்த தயிர்ப் பாக்கெட்டுகளை வேறு இடத்துக்கு நகர்த்தினார்.

மிச்சமிருந்த இரண்டு பாட்டிலில் ஒன்றை எடுத்து, தானே லேபிளை உரித்து, கல்லாவுக்குக் கீழே வைத்தார்.

"அது யாருக்குங்க?"

"ஒரு மாமிக்கு. கோயிலுக்குப் போய்ட்டு வர்ற வழியில வாங்கிக்குவாங்க. வூட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியமே வாங்கிட்டாங்க."

எந்த மாமி என்று கேட்டேன்.

சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர். தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்த ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.