காருக்குள் ஒரு பல்லி

முன்சீட்டில் சாரதாம்பாள் பேசிக்கொண்டே வந்தார். பொன்னுதுரைக்கு ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை. காது முழுக்கக் காரின் மேல் இருந்தது.

இன்றைக்காவது அந்தக் கீச்சு வராமல் இருக்கணுமே, முருகா!

கோயிலில் பெண் பார்த்தாயிற்று. பையன் சேதுராமன் சைக்கிளில் கிளம்பிவிட்டான். அவன் அம்மா சாரதாம்பாளைக் காஜா பெராங் கோயிலிலிருந்து கிளேபாங் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியதுதான் பாக்கி. சம்பந்தியாகப் போகிறவரைப் பஸ்ஸில் அனுப்பினால் மரியாதையா?

பின்சீட்டில் கோகிலா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். தாயில்லாப் பெண். எங்கே போனாலும் அப்பாவோடுதான் போவாள்.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறிய கையோடு வெள்ளைக்காரத் துரை கப்பல் ஏறினார். போகிற போக்கில் இந்தக் கறுப்புக் காரைத் தன்னிடம் கணக்கெழுதிய கிராணி பொன்னுதுரையின் தலையில் கட்டிவிட்டுப் போனார். நாடும் நமக்கு, காரும் நமக்கு என்று பொன்னுதுரை நெஞ்சை நிமிர்த்தியதெல்லாம் கொஞ்ச நாள்தான். அப்புறம் வந்தது அந்தச் சத்தம்.

எப்போதும் வந்தாலாவது தொலையட்டும் என்று விடலாம். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றினால்தான் வரும், சனியன்!

புக்கிட் ரம்பாய் ஊர் மாப்பிள்ளையின் அக்காளை ஏற்றிப் போனபோது முதல் கீச்சு. "பின்னாலேருந்து பல்லி சொல்லுது, ஆகாது" என்று அந்தம்மாள் அப்போதே சம்பந்தத்தை முடித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு நாற்பது தாண்டியிருந்தது, முதல் சம்சாரம் தவறியிருந்தது. அதனாலென்ன, சொந்த வீடு இருந்ததே.

உஜோங் பாசிர் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கும் அதே கீச்சு, அதே சகுனம். பையன் கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்குகிறவன்தான். கால்கட்டுப் போட்டால் திருந்த மாட்டானா?

இதுவும் தட்டிப்போனால் ராசியில்லாதவள் என்று பெண்ணுக்குப் பேர் விழுந்துவிடும். அப்புறம் எவன் படியேறுவான்?

கோகிலாவைக் குறை சொல்ல முடியாது. யாரைக் காட்டினாலும் "உங்க இஷ்டம்ப்பா" என்பாள். வாயில்லாப் பூச்சி. அவள் வாழ்க்கையில் ஒரு ஓட்டைக் கார் விளையாடுகிறதே என்று பொன்னுதுரைக்கு வயிறு எரிந்தது.

பட்டறைக்காரன் தேவதாஸ் கதவைக் கழற்றினான், சீட்டைக் கழற்றினான், கீலுக்குக் கீல் எண்ணெய் விட்டான். இரண்டு பேரும் ஊரையே சுற்றி வந்தார்கள். ஊஹூம், ஒரு முனகல்கூட இல்லை.

"அண்ணே, காடி நல்லாத்தான் இருக்கு. உங்க காதைத்தான் டாக்டருகிட்ட காட்டணும்."

இதோ வருகிறது வளைவு. போன இரண்டு தடவையும் இங்கேதான் மானம் போனது. பொன்னுதுரை பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார்.

சத்தமே இல்லை.

கடலோரச் சாலை வந்தது. அப்போதும் இல்லை. கிளேபாங்கில் வீட்டு வாசலில் இறங்கிய சாரதாம்பாள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"எங்க சேதுவுக்குப் பொண்ணை ரொம்பப் பிடிச்சிருச்சுங்க. பார்த்த பதற்றத்துல குங்குமத்தை வாயில போட்டுக்கிட்டான். தை மாசமே வச்சுக்கலாமா?"

பையனுக்கு வாத்தியார் வேலை, சம்பளம் சுண்டைக்காய்தான். இருந்தாலும் கைகூப்பிய பொன்னுதுரைக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வரும்போது வண்டியைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார். தேவதாஸ் கைக்குத் தங்கக் காப்பு போட்டாலும் தகும். என்ன எண்ணெய் விட்டானோ மகராசன், இருந்த இடம் தெரியாமல் போய்விட்டதே அந்தப் பல்லி!

கீச்.

காலைப் பிரேக்கில் வைத்து அழுத்தினார். கார் நடுரோட்டில் நின்றது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. கீச்.

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். கோகிலா கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஜன்னல் கண்ணாடியில் அழுத்தி, நிதானமாக இன்னொரு இழுப்பு இழுத்தாள்.

"இவரு பரவாயில்லப்பா" என்றாள்.