மணியை நிறுத்துறது யாரு

ஷார்ஜாவுல ஒரு சின்ன பள்ளிக்கூடத்து பஸ்ல பானுமதி ஆயா வேலை பாக்குறா. பிள்ளைங்க இறங்கி, டிரைவர் இன்ஜினை நிறுத்துனதும் ஒரு மணி அடிக்கும். கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போய், எந்தப் பிள்ளையும் தூங்கிடலன்னு பாத்துட்டு, அங்க இருக்குற பட்டனை அமுக்கினாத்தான் நிக்கும். அந்த வெயில்ல, பூட்டுன பஸ்ல பிள்ளை மாட்டிக்கிட்டா உயிர் தங்காது.

ஒரு வாரமா அவ சீட்டை விட்டு எந்திரிக்கும்போதே மணி தானா நின்னுடுது. போய்ப் பாத்தா பஸ் காலி.

"பேய் உங்க வேலையப் பாக்குதுக்கா. வாங்க, டீ ஆறுது"ன்னு டிரைவர் அம்மையப்பன் சிரிச்சான். அப்புறம் அவளும் பின்னால போறதை விட்டுட்டா.

இன்னைக்கு இறங்கினவ, மனசு கேக்காம திரும்ப ஏறினா. கடைசி சீட்டுக்கு அடியில எல்.கே.ஜி. ஆமிரா வேர்த்து நனைஞ்சு சுருண்டு கிடந்தா. பதறி வாரித் தூக்கினா.

"ஏண்டி கண்ணு, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

"அந்த அண்ணாதான் பட்டனை அமுக்கிட்டு, சத்தம் போடாதன்னான். ஆன்ட்டி வரமாட்டாங்களாம். அவனுக்கும் யாரும் வரலியாம்."

பானுமதி திரும்பிப் பாக்காம நடந்தா. கதவுகிட்ட வந்ததும் ஆமிரா அவ தோளுக்கு மேல எட்டி, காலி சீட்டுகளைப் பாத்து, "நாளைக்கு வரேன்"னு டாட்டா காட்டினா.